இம்ப்ளிமென்டேஷன் சயின்ஸில் பிஎச்.டி.: முக்கூடல் பக்கத்திலிருந்து ஒரு கேள்வி

முக்கூடல் மகள்:

எல்லோருக்கும் வணக்கம். நர்சிங் முடித்து, அப்புறம் எம்.பி.எச். (பொதுச் சுகாதார முதுகலை) படித்தேன். ஐந்து வருஷமாக ஒரு தொண்டு நிறுவனத்தின் ரத்த அழுத்தத் திட்டத்தில் களப்பணி. திட்டம் மார்ச்சோடு முடிகிறது. வயது 31, நான்கு வயதில் ஒரு பையன். பிஎச்.டி. பண்ணலாமா என்று யோசிக்கிறேன்.

பொதுச் சுகாதாரத்தில் பிஎச்.டி. என்றால் பாதிப் பேர் "எத்தனை பேருக்கு பிரஷர், எத்தனை பேருக்குச் சர்க்கரை" என்று எண்ணச் சொல்கிறார்கள். எண்ணி எண்ணி எனக்கு அலுத்துவிட்டது. என்னைத் தூங்கவிடாமல் செய்வது வேறு.

போன மாதம் எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு ஆச்சி வீட்டுக்குப் போனேன். பீடி சுற்றுகிறவர், வயது 58. மக்களைத் தேடி மருத்துவத்தில் மாதாமாதம் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. தன்னார்வலர் நோட்டில் ஒரு மாதம் விடாமல் "வழங்கப்பட்டது" என்று இருக்கிறது. அழுத்தம் பார்த்தால் 170/100. "மாத்திரை போடுதீங்களா ஆச்சி?" என்றேன். மடியிலிருந்த சுளகை இறக்கி வைத்துவிட்டு, பாய்க்கு அடியிலிருந்து சுருக்குப் பையை எடுத்தார். இரண்டு அட்டை. ஒன்று காலி. இன்னொன்றில் நாலே நாலு குழி மட்டும் உடைந்திருந்தது.

அது நீர் மாத்திரை. ஆச்சி சொன்னது இது: "இத போட்டா அடிக்கடி ஒண்ணுக்கு வருது தாயி. சுளக மடியில வச்சுக்கிட்டு எத்தன தடவ எந்திக்க? சாயங்காலம் கடைக்கு ஆயிரம் பீடி கொடுக்கணும்லா. ஞாயித்துக்கெழம கட கெடயாது. அன்னைக்குப் போட்டுக்கிடுதேன்."

நாலு குழி, நாலு ஞாயிறு. மருந்து இருக்கிறது, வீடு தேடியும் வருகிறது, நோட்டும் சுத்தமாக இருக்கிறது. ஆச்சியின் அழுத்தம் மட்டும் இறங்கவில்லை. இதை ஆராய்வதற்குத்தான் இம்ப்ளிமென்டேஷன் சயின்ஸ் என்று ஒரு துறை இருப்பதாகக் கேள்வி. இதில் முனைவர் பட்டம் செய்யலாமா? எங்கே செய்வது? திருநெல்வேலியை விட்டு ரொம்ப தூரம் போக முடியாது.

வார்டு டாக்டர்:

தங்கச்சி, அக்கறை தெரிகிறது. ஆனால் இதற்குப் பிஎச்.டி. எதற்கு? மருந்தை மாற்றினால் முடிந்தது. அந்த நீர் மாத்திரை, ஹைட்ரோகுளோரோதயசைடு, ஒத்துவரவில்லை என்றால் வேறு வகை கொடுக்கலாம். அஞ்சு நிமிஷ வேலை.

இன்னொன்றும் சொல்கிறேன், கோபப்படக் கூடாது. நான் பார்த்தவரை இந்த இம்ப்ளிமென்டேஷன் சயின்ஸ் என்பது பழைய கண்காணிப்பு வேலைக்குக் கோட்டு போட்டுவிட்டது மாதிரிதான். கட்டம் போட்ட படம் நாலு, அம்புக்குறி எட்டு. மேற்பார்வை ஒழுங்காக நடந்தால் இதெல்லாம் வேண்டியதில்லை.

ஆறாம் வருஷம்:

நான் இதே துறையில் பிஎச்.டி. செய்துகொண்டிருக்கிறேன். எத்தனையாவது வருஷம் என்பது பெயரிலேயே இருக்கிறது, யாரும் மறுபடி கேட்க வேண்டாம்.

டாக்டர் சார், மருந்தை மாற்ற அஞ்சு நிமிஷம் போதும், சரி. மாற்ற வேண்டும் என்று உங்களுக்கு யார் வந்து சொல்வது? ஆச்சி ஆஸ்பத்திரிக்கு வருவதில்லை, வராமல் இருப்பதற்குத்தானே வீட்டுக்கு மாத்திரை போகிறது. தன்னார்வலர் நோட்டில் "கொடுத்தாச்சு" என்பதற்குக் கட்டம் இருக்கிறது. "ஞாயிற்றுக்கிழமை மட்டும் போடுகிறார், காரணம் பீடி" என்பதற்குக் கட்டம் இல்லை. எழுதினாலும் அது உங்கள் மேசைக்கு வர வழியில்லை. அந்த வழி எங்கே அறுந்திருக்கிறது, எப்படிக் கட்டினால் நிற்கும், கட்டுவதற்கு என்ன செலவு, கட்டியது இரண்டு வருஷம் கழித்தும் இருக்குமா என்று பார்ப்பதுதான் இந்தத் துறை. மருந்து வேலை செய்கிறது என்பது தெரிந்த பிறகுதான் எங்கள் வேலையே ஆரம்பிக்கிறது.

பெயர் புதிது. இந்தப் பெயரிலேயே ஒரு ஆய்விதழ் 2006-இல்தான் வந்தது. ஆனால் கேள்வி நம் ஊருக்குப் பழசு. 1956-இல் சென்னையில் ஆரம்பித்த காசநோய் ஆய்வை எடுத்துக்கொள்ளுங்கள். சானடோரியம் என்ற காசநோய் மருத்துவமனையில் படுக்க வைத்து மருந்து கொடுப்பதும், குடிசையில் வைத்தே கொடுப்பதும் ஒன்றா என்று பார்த்தார்கள். 1959-இல் முடிவு வெளிவந்தது: குணமாவதில் பெரிய வித்தியாசம் இல்லை, வீட்டில் உள்ளவர்களுக்குத் தொற்றும் கூடவில்லை. இரண்டு பக்கமும் ஒரே மருந்துதான். எங்கே வைத்துக் கொடுப்பது என்பதுதான் கேள்வி. உலகம் முழுக்க சானடோரியங்கள் மூடப்பட்டதில் அந்த ஆய்வுக்குப் பங்கு உண்டு.

கிட்டத்து உதாரணம் வேண்டுமென்றால் 2022-இல் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டம். புது மருந்து ஒன்றும் இல்லை. நோய் கண்டுபிடித்த உடனே எடை-உயர விகிதம், கால் வீக்கம், மூச்சு எண்ணிக்கை, ஆக்சிஜன் அளவு, பிடிக்காமல் நிற்க முடிகிறதா என்று ஐந்தைப் பார்த்து, மோசமாக இருப்பவரை உடனே அட்மிட் செய்வது. அவ்வளவுதான். இதை ஒரு நல்ல டாக்டர் ஒரு நோயாளிக்குச் செய்துவிடலாம். மாநிலம் முழுக்க, ஆள் மாறினாலும் நடக்கிற மாதிரி செய்ததில்தான் விஷயம் இருக்கிறது.

எங்கே படிப்பது என்பதை ராத்திரி எழுதுகிறேன். பஸ் வந்துவிட்டது.

சைக்கிள் இன்ஸ்பெக்டர்:

முப்பத்துநாலு வருஷம் சுகாதார ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். நாங்குநேரி, களக்காடு, ராதாபுரம் எல்லாம் சைக்கிளில் சுற்றியிருக்கிறேன். தம்பி சொன்ன "கட்டம் இல்லை" என்ற இடத்தில் நிறுத்திக்கொள்கிறேன்.

கட்டம் போடுவது லேசு. நான் சேர்ந்த வருஷம் இருந்த ரிஜிஸ்டரும் ஓய்வு பெற்ற அன்று இருந்த ரிஜிஸ்டரும் எண்ணிப் பார்த்தால் உங்களுக்குத் தலை சுற்றும். ஒவ்வொன்றும் யாரோ ஒரு புத்திசாலி "இது மட்டும் தெரிந்தால் போதும்" என்று சேர்த்ததுதான். எழுதினோம். யார் படித்தார்கள்? பீரோவில் பூச்சி படித்தது.

ஒரே ஒரு தடவை கட்டம் வேலை செய்ததைப் பார்த்தேன். போலியோ சொட்டு மருந்து. 1995-இல் பல்ஸ் போலியோ வந்தது. பின்னால் வீடு வீடாகப் போகிற முறை வந்தபோது கதவில் சாக்பீஸால் குறி போடுவோம். எல்லாப் பிள்ளைக்கும் கொடுத்தாயிற்று என்றால் 'பி'. விட்டுப்போனது என்றால் 'எக்ஸ்'. எக்ஸ் போட்டால் ஏன் என்றும் எழுத வேண்டும். பிள்ளை ஆச்சி வீட்டுக்குப் போயிருக்கிறது, அப்பன் வேண்டாமென்கிறான், இப்படி. அன்றைக்குச் சாயங்காலமே அந்தத் தாளை வைத்துக்கொண்டு கூட்டம் நடக்கும். இந்த எக்ஸுக்கு நாளைக்கு யார் போகிறீர்கள்? பெயர் சொல்லிக் கேட்பார்கள். ஜமாத்தில் பேச வேண்டுமா, வார்டு மெம்பரைக் கூட்டிப் போகணுமா, முடிவு அங்கேயே. மறுநாள் எக்ஸ் பி ஆகும்.

எழுதியதை அன்றைக்கே ஒருவர் படித்தார், படித்தவருக்குச் செய்ய அதிகாரம் இருந்தது. தாயி, உன் ஆய்வில் இன்னொரு கட்டம் போடுவதாக இருந்தால், அதை யார், எத்தனை மணிக்குப் படிப்பார் என்று முதலில் எழுது.

வள்ளியூர் செவிலி:

அண்ணாச்சி சொன்னதற்கு ஒரு கும்பிடு. நான் கிராம சுகாதார செவிலியர், பதினாறு வருஷம். கர்ப்பிணிப் பதிவுக்கு ஒரு இணையதளம், தடுப்பூசிக்கு ஒன்று, பிரஷர் சர்க்கரைக்கு ஒன்று, அப்புறம் இதே விவரம் திரும்ப நோட்டில். நெட்வொர்க் கிடைக்கிற வேப்பமரத்தடியில் நின்று பதிவேற்றுவேன். மரத்தடியில் எனக்கு ஒரு நாற்காலியே போட்டுவிட்டார்கள்.

ஆராய்ச்சி என்று வருகிறவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். வருவார்கள், 40 பக்கப் படிவம், "உங்களுக்கு வேலையில் திருப்தி உண்டா, ஒன்றிலிருந்து ஐந்து வரை சொல்லுங்கள்". போய்விடுவார்கள். என்ன கண்டுபிடித்தார்கள் என்று இதுவரை ஒருவர் திரும்பி வந்து சொன்னதில்லை.

பீடி ஆச்சி கதை எனக்குப் புதிதில்லை. எங்கள் பக்கம் கடற்கரை. கடலுக்கு விடியும் முன்னே போகிற ஆட்கள் காலை மாத்திரையை எப்போது போடுவது? அவர்கள் காலை நமக்கு நடு ராத்திரி. இதெல்லாம் எங்களுக்குத் தெரியும். யாரும் கேட்டதில்லை.

கணக்குப்பிள்ளை:

நான் புள்ளியியல் ஆள். உணர்ச்சிகரமாக எழுத வராது, கணக்கு மட்டும் சொல்கிறேன். இதை சினாப்சிஸ் (ஆய்வுத் திட்டச் சுருக்கம்) எழுதும் முன்பே தெரிந்துகொண்டால் பின்னால் அழ வேண்டியதில்லை.

நீங்கள் புது முறையை ஆளுக்கு ஆள் சீட்டுப் போட்டுக் கொடுக்க முடியாது. ஒரே தன்னார்வலர் ஒரு வீட்டில் காரணம் கேட்டு எழுதி, பக்கத்து வீட்டில் கேட்காமல் வர மாட்டார். ஆகவே துணை சுகாதார நிலையம் முழுவதையும் ஒரு கொத்தாக எடுக்க வேண்டும். ஒரே கொத்தில் இருப்பவர்கள் ஒருவரைப் போல ஒருவர் இருப்பார்கள்: அதே செவிலியர், அதே பீடிக்கடை, அதே தண்ணீர். அதனால் தலைக்கணக்கு ஏறும். சாதாரணமாக 400 பேர் போதும் என்று வந்தால், கொத்துக்கு 30 பேர், கொத்துக்குள் ஒற்றுமை அளவு 0.05 என்று வைத்தால், பெருக்க வேண்டிய எண் 1 + 29 × 0.05. அதாவது 2.45. 400 பேர் 980 பேராகிவிடும். 33 கொத்து வருகிறது, பக்கத்துக்கு 17 என்று 34 எடுக்கலாம். இதற்கு மேல் இடையில் விட்டுப்போகிறவர்களுக்கும் சேர்க்க வேண்டும்.

"எல்லா ஊருக்கும் கொடுக்காமல் பாதிக்கு மறுப்பதா" என்று அதிகாரிகள் கேட்பார்கள். அப்போது படிப்படியாக நுழைக்கும் முறை உண்டு: எல்லா நிலையத்துக்கும் கடைசியில் கிடைக்கும், ஆனால் எந்த நிலையம் எந்த மாதம் என்பதைச் சீட்டுப் போட்டு முடிவு செய்வது. மாவட்டத்தில் 9 வட்டாரம் இருக்கிறது, வரிசைப்படுத்த வசதிதான். ஆனால் காலம் கூடும், நடுவில் ஒரு தேர்தலோ வெள்ளமோ வந்தால் கணக்கு குழம்பும். 2023 டிசம்பர் வெள்ளத்தை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள்.

ஆறாம் வருஷம்:

வந்துவிட்டேன். படிப்பு விவரம்.

நம் நாட்டில் பெரும்பாலும் பட்டத்தில் "இம்ப்ளிமென்டேஷன் சயின்ஸ்" என்று அச்சடித்து வராது. பொதுச் சுகாதாரம் அல்லது சுகாதார அறிவியல் என்றுதான் வரும், ஆய்வுத் தலைப்புதான் உங்களை இந்தத் துறைக்காரர் ஆக்கும். தெற்கே நமக்குக் கிட்டத்தில் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தின் அச்சுத மேனன் மையம். 1997-இல் எம்.பி.எச். ஆரம்பித்த இடம். நாகர்கோவில் வழியாக ரயிலில் போய்விடலாம். சென்னையில் என்றால் அயப்பாக்கம் தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம், மேலே சொன்ன காசநோய் திட்டத்தில் கூட நின்றவர்கள். உள்ளூரிலேயே வேண்டுமென்றால் அபிஷேகப்பட்டியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் சமூகவியலோ புள்ளியியலோ துறை வழியாக முயலலாம். ஆனால் சுகாதாரத் துறையை உள்ளிருந்து அறிந்த இணை வழிகாட்டி ஒருவர் கட்டாயம் வேண்டும்.

யு.ஜி.சி. 2022 விதிப்படி குறைந்தது 3 வருஷம், கூடினால் 6. பெண்களுக்கு மேலும் 2 வருஷம் தளர்வு உண்டு, மகப்பேறு அல்லது குழந்தை பராமரிப்புக்கு 240 நாள் விடுப்பும் உண்டு. வேலையில் இருந்துகொண்டே பகுதி நேரமாகவும் செய்யலாம், நிறுவனத்தின் தடையில்லாச் சான்று வேண்டும். ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டு வருஷம் மாதம் 37,000 ரூபாய். கிடைக்கவில்லை என்றால் வீட்டில் ஒருவர் சம்பாதிக்க வேண்டும், இதை யாரும் விளம்பரத்தில் போடுவதில்லை.

நான் சறுக்கிய இடம் ஒன்று. முதல் கைடு எனக்கு ஒரு கோட்பாட்டுச் சட்டகத்தைக் கொடுத்து "இதில் எல்லாக் கட்டத்தையும் நிரப்பு" என்றார். இரண்டு வருஷம் நிரப்பினேன். டாக்டர் சார் கிண்டல் செய்த அம்புக்குறிப் படம் அதுதான். கமிட்டியில் ஒரு பேராசிரியை கேட்டார்: "தம்பி, இதில் எது நடந்திருந்தால் அந்தச் செவிலியர் வேறு மாதிரி செய்திருப்பார்?" என்னிடம் பதில் இல்லை. அதில் போனது இரண்டு வருஷம்.

ஆகவே சட்டகம் ஒன்றோ இரண்டோ போதும். தடை எங்கே என்று பார்க்க சி.எஃப்.ஐ.ஆர். என்ற சட்டகம் (2009, 2022-இல் திருத்தினார்கள்). என்ன அளப்பது என்பதற்கு 2011-இல் புரோக்டர் குழு சொன்ன எட்டு. ஏற்பு, பொருத்தம், செய்ய முடிகிறதா, சொன்னபடி செய்தார்களா, எவ்வளவு ஊடுருவியது, செலவு, நிலைக்குமா என்று போகும். உங்கள் ஆச்சி விஷயத்தில் "சொன்னபடி செய்தார்களா" என்பதற்கு முழு மார்க். மாதாமாதம் கொடுத்தார்கள். "பொருத்தம்" பூஜ்யம். இரண்டும் வேறு வேறு என்று பிரித்துக் காட்ட முடிந்தாலே ஒரு அத்தியாயம் தேறும்.

வார்டு டாக்டர்:

கோட்டு பற்றிச் சொன்னதைப் பாதி வாபஸ் வாங்குகிறேன். அந்த எக்ஸ் கதை பிடித்தது, அண்ணாச்சி.

ஆனால் ஒன்றில் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஏற்பு, பொருத்தம் எல்லாம் அளந்துவிட்டு ரத்த அழுத்தத்தை அளக்காமல் ஒரு ஆய்வு முடிந்தால் என்னைப் போன்றவன் அதைப் படிக்கவே மாட்டான். ஆச்சியின் 170 எங்கே போனது என்று சொல்ல வேண்டும்.

மருத்துவமாக ஒரு விஷயம். நீர் மாத்திரை ஆரம்பத்தில்தான் ரொம்ப ஓட விடும். தினமும் போட்டால் சில வாரத்தில் அந்தத் தொந்தரவு பெரும்பாலும் குறைந்துவிடும். வாரத்துக்கு ஒன்று போடுவதால், ஆச்சிக்கு ஒவ்வொரு ஞாயிறும் முதல் நாள் மாதிரி இருந்திருக்கும். இதை யாராவது அவருக்குச் சொன்னார்களா? நான் என் நோயாளிகளுக்குச் சொல்கிறேனா என்று யோசித்தேன். பாதிப் பேருக்குச் சொல்வதில்லை.

ஆறாம் வருஷம்:

டாக்டர் கேட்பதற்கு முறை இருக்கிறது. நோயாளியின் பலனையும் நடைமுறையின் பலனையும் ஒரே ஆய்வில் சேர்த்து அளக்கும் கலப்பு வடிவம், 2012-இல் கரன் குழு மூன்று வகையாகப் பிரித்தது. இரண்டாம் வகை இரண்டுக்கும் சம எடை கொடுக்கும். உங்களுக்கு அதுதான் சரி.

நெய்யாற்றின்கரை தாலுகாவில் நடந்த சர்க்கரை நோய் தடுப்பு ஆய்வைத் தேடிப் படியுங்கள். 60 வாக்குச்சாவடிப் பகுதிகளைக் கொத்தாக எடுத்து 1,007 பேரைச் சேர்த்தார்கள். புதிதாகச் சர்க்கரை வந்தவர்கள் எண்ணிக்கையில் உறுதியாகச் சொல்லும்படி வித்தியாசம் வரவில்லை. ஆனால் ஊர்க்காரர்களே குழு நடத்தினார்களா, யார் வந்தார்கள், யார் விட்டார்கள் என்று தனியாக எழுதி வைத்திருக்கிறார்கள். அதனால்தான் அது தோற்ற ஆய்வாக ஒதுக்கப்படாமல், படிக்க வேண்டிய ஆய்வாக நிற்கிறது.

கணக்குப்பிள்ளை:

நெறிமுறைக் குழு அனுமதி, துறை அனுமதி இரண்டும் வந்த பிறகு, முதல் ஆளைச் சேர்க்கும் முன்பே சி.டி.ஆர்.ஐ. (இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேடு) பதிவு. சேர்த்த பிறகு பதிய முடியாது. துறை அனுமதிக்கு ஆறு மாதம் ஒதுக்குங்கள். சிரிக்காதீர்கள், ஆறு மாதம்.

முக்கூடல் மகள்:

நாலு நாளாக எல்லாவற்றையும் திரும்பத் திரும்பப் படித்தேன். சனிக்கிழமை பஸ் பிடித்து ஊருக்குப் போய், தன்னார்வலர் அக்காவையும் எங்கள் செவிலியரையும் பார்த்தேன். படிவம் எதுவும் எடுத்துப் போகவில்லை.

அக்காவிடம், மாத்திரை சரியாகப் போடாதவர்கள் யார் யார் என்று கேட்டேன். நோட்டைத் திறக்கவே இல்லை. விரல் விட்டுப் பதினொரு பேரைச் சொன்னார், காரணத்தோடு. ஒருவருக்கு நீர் மாத்திரை, இன்னொருவருக்கு மகன் "ஆயுசுக்கும் விட முடியாது, ஆரம்பிக்காதே" என்று சொல்லிவிட்டான், ஒருவர் கல்யாண வீடு முடியட்டும் என்று நிறுத்தியவர் திரும்ப ஆரம்பிக்கவில்லை. "இத யார்கிட்டயாவது சொன்னீங்களாக்கா?" "கேட்டாத்தான சொல்ல? மீட்டிங்ல எத்தன பேருக்குக் கொடுத்தன்னு மட்டுந்தான் கேப்பாங்க."

ஆகவே கேள்வியை மாற்றி எழுதியிருக்கிறேன். புதுக் கட்டம் இல்லை. ஏற்கெனவே நடக்கிற மாதாந்தரக் கூட்டத்தில் பத்து நிமிஷம். தன்னார்வலர் தன் பகுதியில் மாத்திரை போடாதவர்களில் மூன்று பேரைக் காரணத்தோடு வாயால் சொல்கிறார். டாக்டர் அங்கேயே முடிவெடுக்கிறார்: மருந்தை மாற்றவா, நேரத்தை மாற்றவா, வீட்டுக்கு யாராவது போகவா. அடுத்த கூட்டத்தில் அந்த மூன்று பேரிலிருந்துதான் தொடங்க வேண்டும். 34 துணை நிலையம், பாதியில் இது, பாதியில் இப்போது நடப்பது. ஒரு வருஷம் கழித்து ரத்த அழுத்தம், டாக்டர் சாருக்காக. கூட்டம் நான் போன பிறகும் நடக்கிறதா என்பது அண்ணாச்சிக்காக.

இதைச் செவிலியரிடம் சொன்னேன். கேட்டுவிட்டு, "பத்து நிமிஷம் எங்கிருந்து வரும்? எதை எடுப்பீங்க?" என்றார். என்னிடம் பதில் இல்லை.

வள்ளியூர் செவிலி:

எங்கள் கூட்டத்தில் ஏற்கெனவே இணையத்தில் ஏற்றிய எண்ணிக்கையை ஒவ்வொருவராக எழுந்து நின்று திரும்ப வாசிப்போம். இருபத்தைந்து நிமிஷம். அதை எடுங்கள்.

சைக்கிள் இன்ஸ்பெக்டர்:

எடுக்க விடமாட்டார்கள். ஆனால் கேட்டுப் பார், தாயி. அனுமதிக் கடிதத்தில் அதை முதல் பத்தியில் வைக்காதே, மூன்றாவதில் வை.

முக்கூடல் மகள்:

மூன்றாவதில் வைத்துவிட்டேன், அண்ணாச்சி. ஆறாம் வருஷம், திருவனந்தபுரத்துக்கு ஒரு நாள் போய்ப் பேசிவிட்டு ராத்திரிக்குள் திரும்ப முடியுமா? பையனுக்கு மறுநாள் பள்ளிக்கூடம்.

ஆறாம் வருஷம்:

முடியும். விடியற்காலை ரயிலைப் பிடியுங்கள், போகும் முன் மின்னஞ்சலில் நேரம் வாங்கிக்கொள்ளுங்கள். அந்த அட்டையை போட்டோ எடுத்தீர்களா? நாலு குழி உடைந்தது? அதைக் கொண்டு போங்கள்.

முக்கூடல் மகள்:

போட்டோ இல்லை. ஆச்சி அட்டையையே கொடுத்துவிட்டார். டாக்டர் மருந்தை மாற்றிவிட்டார், பழசு தேவையில்லையாம்.